அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்

கிலோமீட்டருக்கு அன்று காலையில் நின்ற இடத்தில் கால் பாவவில்லை. சாப்பாட்டு டிராலிகளை எண்ணிக்கொண்டே வந்தவன் ஏழாவதில் விட்டுவிட்டான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். இந்த முறை ஒன்பதில் விட்டான். பதினொன்று இருக்க வேண்டும், பதினொன்றும் இருந்தன. அவன் கண்தான் டிராலியில் இல்லை, சுவரில் இருந்த விமான நேரப் பலகையில் இருந்தது.

கிலோமீட்டர் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அவன் வேலை செய்தது விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றிவிடும் கம்பெனியில். எந்த ஊருக்குப் போகிற விமானம் என்று சொன்னால் போதும், இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவான். அது வீண் பெருமை இல்லை, வேலைக்கு வேண்டிய கணக்குதான். மூன்று மணி நேரத்துக்குள் என்றால் ரொட்டியும் ஜூஸும் ஏற்றுவார்கள். அதற்கு மேலே என்றால் சூடான சாப்பாடு. ஏழு மணி நேரம் தாண்டினால் இரண்டு வேளை. தூரம் தெரியாதவன் தட்டை எண்ண முடியாது.

அவன் பார்த்துக்கொண்டிருந்த பலகைக்கு ஒரு குணம் உண்டு. அதில் எல்லா விமானத்துக்கும் ஒரே கடிகாரம். எந்த ஊரில் விடிகிறது, எந்த ஊரில் இருட்டுகிறது என்பதெல்லாம் அதற்குக் கிடையாது. கிளம்புகிற நேரத்தைச் சேருகிற நேரத்திலிருந்து கழித்தால், பறக்கிற நேரம் வந்து நிற்கும். ஆறு வருஷமாக அவன் அப்படிக் கழித்துக்கொண்டே இருந்தான். கை தானாகக் கழிக்கும்.

அன்று காலை எட்டு நாற்பதுக்கு வரவேண்டிய விமானத்தில் அவனுடைய மனைவி இருந்தாள்.

அவள் இன்னொரு தூர தேசத்தில், பக்கவாதம் வந்த ஒரு அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்கவைக்கும் வேலையில் இரண்டு வருஷம் இருந்தாள். இப்போது அதை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போகிறாள். அந்த விமானம் நேரே போகாமல் கிலோமீட்டர் இருக்கும் ஊரில் இறங்கி, எண்ணெய் போட்டுக்கொண்டு, சாப்பாடு ஏற்றிக்கொண்டு, எழுபது நிமிஷத்தில் மறுபடி கிளம்பும். ஊருக்குப் போகிறவர்கள் இறங்க வேண்டியதில்லை, உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். சாப்பாடு ஏற்றுகிறவன் விமானத்தின் பின்கதவு வரைக்கும் போகலாம்.

இது தெரிந்த அன்றைக்கு அவனே பயண ஏஜெண்டைப் பிடித்து, கடைசி வரிசையில் நடைபாதை ஓரமாக அவளுக்கு ஒரு சீட்டுப் போடவைத்தான். "நீ எந்திரிச்சு வரக்கூட வேணாம். திரும்பிப் பாத்தா போதும், நான் நிப்பேன்" என்று போனில் சொன்னான்.

மூன்று வருஷம் ஏழு மாதமாக இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

பார்ப்பது மட்டும் என்றால் அவனுக்கு இவ்வளவு படபடப்பு இருக்காது. சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தான். இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை பார்க்கச் சம்மதம் என்கிற தாள். சூப்பர்வைசர் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. அன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள்.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

"போன்ல எதுவும் சொல்லாதீங்க. போன்ல நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. ஏரோப்ளேன்ல பாப்பீங்கல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா. ரெண்டே வார்த்தை."

அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, அவ்வளவுதான்.

என்ன சொல்லப் போகிறான் என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை. இரண்டு வருஷம் இருந்தால் பாதியில் நிற்கிற வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிடலாம். போனால் அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. பத்து நாளாக இதையே திருப்பித் திருப்பிப் போட்டு, தலை கிறுகிறுத்துப் போயிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் தானாக ஏதாவது சொல்லிவிடும், அதுதான் விடை என்று விட்டுவிட்டான்.

வேலைக்கு வருகிறவர்கள் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் விமானம் நிற்கும் பக்கம் போகவேண்டும். பூட்டினான். சாவியைப் போட்ட பை எது என்று மறந்து, மூன்று பையையும் தடவினான்.

லாரியில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் அண்ணன் அவனைப் பக்கவாட்டில் பார்த்தார். அந்த லாரி மற்ற லாரி மாதிரி இல்லை. பின்னால் இருக்கும் பெட்டியை அப்படியே மேலே தூக்கி, விமானத்தின் கதவுக்குச் சமமாகக் கொண்டுபோய் நிறுத்தும். அண்ணனுக்கு அந்தத் தூக்குகிற நெம்புகோல் மேல் இருக்கிற அக்கறை, பெற்ற பிள்ளை மேல்கூட இருக்காது என்று கேலி பேசுவார்கள்.

"ஏண்டா, உக்காந்ததுல இருந்து எட்டு தடவ சட்டப் பையத் தொட்டுட்ட. உள்ள என்ன, முட்டை அடை வச்சிருக்கியா?"

"அந்த ரெண்டு வருஷத் தாள்ணே."

"இன்னும் கையெழுத்துப் போடலியா? அந்த ஆளு காலையில இருந்து உன்னத்தான் தேடுறாரு."

"அவளப் பாத்துட்டுப் போடலாம்னு."

"பாத்துட்டுப் போடுவியா, பாத்துட்டுப் போடமாட்டியா?"

கிலோமீட்டர் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்துக்கொண்டு நின்றது. காற்று பலமாகத்தான் அடித்தது.

"சரி விடு. பாவம், பொம்பளை ராத்திரி பூரா தனியா உக்காந்து வந்திருக்கும்" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, தூங்கியிருப்பா. அவளுக்கு ஏரோப்ளேன்னா உதறும். போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் கையப் புடிச்சு நகம் பதிய அமுக்கிட்டாளாம். அதனால அந்த வீட்டு டாக்டர்கிட்ட ஒரு தூக்க மாத்திரை வாங்கி வச்சிருக்கா. எட்டு மணி நேரம் அசையாமத் தூக்கம் வருமாம். ஏறினதும் போட்டுக்கன்னு நான்தான் சொன்னேன். பறக்கறது ஒம்பது மணி நேரம் அம்பது நிமிஷம். இறங்கறதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் முன்னாடியே முழிச்சு, மூஞ்சி கழுவி, தலை சீவி ரெடியா இருப்பா."

அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்து நாளில் அவன் உறுதியாக முடிவெடுத்த ஒரே விஷயம் அதுதான்.

அண்ணன் லாரியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒம்பது அம்பதா? அது எத்தனை கிலோமீட்டர்?"

"அஞ்சாயிரத்து நானூறு."

"இங்கேருந்து நம்ம ஊரு?"

"நாலாயிரத்து நூறு. அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்." இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"அப்ப கூட ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரத்துக்கு மேலயா? ஏண்டா, உன் பொண்டாட்டி ஏரோப்ளேன்ல வர்றாளா, ரோடு ரோலர்ல வர்றாளா?"

கிலோமீட்டர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் கழித்துப் பார்த்தான்.

"டிக்கெட்ல போட்டிருந்ததுண்ணே. கிளம்பறது பத்து அம்பது. சேர்றது எட்டு நாப்பது. கழிச்சா…"

"கழிச்சியா! டிக்கெட்ல போடறது அந்தந்த ஊர் மணிடா. பத்து அம்பது அவ ஊர் மணி. எட்டு நாப்பது நம்ம மணி. உனக்கும் அவளுக்கும் எத்தனை மணி நேரம் வித்தியாசம்?"

"மூணு."

இரண்டு வருஷமாகத் தினமும் அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் அவளுக்குப் போன் செய்தான். அவள் இப்போது சமைப்பாள், இப்போது துணி மடிப்பாள் என்று சரியாகச் சொல்வான். ஆனால் கிளம்புகிற நேரம், சேருகிற நேரம் என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும், பலகை பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக் கழிக்க வைத்துவிட்டது.

ஆறு ஐம்பது. வெறும் ஆறு மணி நேரம் ஐம்பது நிமிஷம். மாத்திரைக்கோ எட்டு மணி நேரம்.

"அண்ணே, அவ தூங்கிட்டு இருப்பாண்ணே."

"நல்லாத் தூங்குவா."

"அவ முழிக்கும்போது நம்ம லாரி திரும்பி வந்திருக்கும்ணே!"

அவன் போனைத் தேடிச் சட்டையைத் தடவினான். போன் பெட்டியில். பெட்டியில் இல்லாவிட்டாலும் பறக்கிறவளுக்கு யார் போன் போடுவது? அந்த நேரம் பார்த்து லாரியில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. மேற்கேயிருந்து வருகிற விமானத்துக்கு வால் பக்கம் நல்ல காற்று, முப்பத்தைந்து நிமிஷம் முன்னாலேயே இறங்குகிறது, சாப்பாட்டு லாரி உடனே வரவேண்டும்.

"கேட்டியா? காத்து வேற தள்ளிவிட்டுருச்சு" என்று அண்ணன் கியரைப் போட்டார்.

விமானம் வந்து நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சைகை காட்டுகிற வரைக்கும் லாரி மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு நிமிஷமும் கிலோமீட்டர் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரிசை ஜன்னலில் திரை இறங்கியிருந்தது. அவள் ஜன்னல் ஓரமே இல்லை, இருந்தும் பார்த்தான்.

சைகை கிடைத்ததும் அண்ணன் லாரியைப் பின்கதவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் தூக்கினார். வழக்கமாக முட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறவர், அன்றைக்கு வேகமாகத் தூக்கினார். கதவு திறந்தது. பின்பக்கத்துச் சமையல்கட்டில் ஒரு விமானப் பணிப்பெண் காலணியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற விமானம் என்பதால் தமிழ் தெரிந்த பெண்.

சாப்பாட்டு ஆட்கள் சமையல்கட்டுத் திரையைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. அது கம்பெனி சட்டம், விமானத்தின் சட்டம், எல்லாச் சட்டமும்.

"மேடம், கடைசி வரிசை, இந்த ஓரத்து சீட்டு… அவங்க முழிச்சிருக்காங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"என் வீட்டுக்காரிங்க."

பணிப்பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரையை ஒரு சாண் விலக்கினாள். இரண்டு கை தூரத்தில் மனைவி இருந்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கினாள். நெற்றி ஓரத்தில் நாலைந்து முடி நரைத்திருந்தது. போனில் பேசும்போது அது தெரிந்ததே இல்லை. ஒரு கையில் சீப்பு. தலை சீவவேண்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"ஏறினதுல இருந்து இப்படியே தூங்கறாங்க. சாப்பாடு வேணுமான்னு தட்டினேன், அசையல. உடம்பு சரியில்லையோன்னு பயந்து மூச்சக்கூடப் பாத்தேன்" என்றாள் பணிப்பெண்.

"நான் செஞ்ச வேலைங்க அது."

"என்னது?"

"கணக்குத் தப்பா போட்டுட்டேன்."

பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "டேய், பன்னெண்டு நிமிஷந்தான், அடுத்த ஏரோப்ளேனுக்கு ஓடணும். நீ அங்க நில்லு. டிராலிய நான் தள்றேன்." நெம்புகோலை விட்டு நகராத மனுஷன், காலி டிராலிகளை இழுத்து லாரிக்குள் தள்ள ஆரம்பித்தார். முதல் டிராலியிலேயே விரலை நசுக்கிக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்றை முழுங்கினார்.

பணிப்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். "நீங்க திரையத் தாண்டாதீங்க. நான் எழுப்பறேன்" என்று போய் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, அக்கா. யாரு வந்திருக்காங்க பாருங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி உலுக்கினாள். மனைவி புருவத்தைச் சுருக்கினாள். கண் பாதி திறந்தது. திரைக்கு நடுவே, தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையும் போட்டுக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள் குழறலாக. "கனவுல மட்டும் டாண்ணு டைமுக்கு வந்துருவீங்க."

"கனவு இல்லம்மா. நான்தான். நல்லா முழிச்சுக்கோ."

"எல்லாக் கனவுலயும் இதையேதான் சொல்றீங்க." அவள் கண் மறுபடி மூடப் பார்த்தது. "ஒண்ணு சொல்லட்டா… முழிச்சிருந்தா சொல்லமாட்டேன்."

"சொல்லு."

"வராட்டிப் பரவால்லங்க. வீடு கட்டணும், எனக்குத் தெரியாதா? ஆனா வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் பாப்பா காலண்டர்ல வட்டம் போடறா. அக்கா சொன்னா. இந்த வருஷம் மட்டும் மூணு வட்டம்."

அவர்களுடைய மகளுக்கு எட்டு வயது, பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். போன மாதம் போனில் அவள் கேட்டாள்: "அப்பா, அங்கேருந்து இங்க வர எத்தனை மணி நேரம்?" கிலோமீட்டர் உற்சாகமாக, "அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்டா செல்லம்" என்றான். உடனே, "அப்ப ஏன் மூணு வருஷமா வந்துட்டே இருக்கீங்க? வழியில எங்கயாச்சும் நின்னுட்டீங்களா?" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். அந்தக் கேள்வி அதற்கப்புறம் அவனை விடவேயில்லை. டிராலி தள்ளும்போது, சீல் ஒட்டும்போது, கட்டிலில் புரளும்போது, வழியில எங்கயாச்சும் நின்னுட்டீங்களா.

முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும் என்று நினைத்திருந்தான். வந்ததும் அதேதான். 'வர்றேன்' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஆனால் அவள் அதைத்தான் சொல்லாதே என்கிறாள்.

"ஆறு நிமிஷம்!" என்று அண்ணன் கத்தினார்.

கிலோமீட்டர் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். "மேடம், பேனா இருக்கா?"

பணிப்பெண் காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடுகிற கட்டம் அடியில் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டான். போதவில்லை என்று தோன்றியது. மேலேயிருந்து கீழே வரை தாள் முழுக்க இன்னொரு கோடு போட்டான். அழுத்திப் போட்டதில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

"இத அவ கையில குடுத்துருங்க."

பணிப்பெண் தாளை வாங்கி, மனைவியின் கையிலிருந்த சீப்போடு சேர்த்து மடித்து வைத்தாள். மனைவி விரலை மூடிக்கொண்டாள், கண்ணைத் திறக்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

"பொய்" என்றவள் தூங்கிப்போனாள்.

புது டிராலிகளை மட்டும் அவனே தள்ளினான். பதினொன்று. ஒரே எண்ணலில் சரியாக வந்தது. கதவு மூடும்போது பணிப்பெண், "அண்ணா, என் பேனா" என்றாள். உறை போட்ட கையோடு தன் சட்டையில் செருகிக்கொண்டிருந்ததை எடுத்து நீட்டினான். பெட்டி மெல்லக் கீழே இறங்கியது.

"என்னடா சொன்ன?" என்றார் அண்ணன், நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு.

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"அதுக்கா என் விரலு போச்சு?"

சூப்பர்வைசர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கையை நீட்டி, "தாளு?" என்றார்.

"கிளம்பிப் போயிருச்சு சார்."

"எங்க?"

"ஊருக்கு."

அவர் முறைத்தார். வேறு தாள் தருகிறேன், சாயங்காலம் வரைக்கும் யோசி என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று இவன் சொன்னதும், "அப்ப ஒப்பந்தம் முடியற வரைக்கும் இருபத்தாறு நாள் பாக்கி இருக்கு. ஒரு நாள் லீவு கிடையாது, பாத்துக்க. இருபத்தேழாம் நாள்தான் விடுவேன்" என்றார். பிறகு போகிற போக்கில், "வட்டம் போட்டு வச்சுக்கய்யா" என்றார். கிலோமீட்டருக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

விமானம் முன்னாலேயே வந்திருந்தாலும் குறித்த நேரத்துக்கு, ஒன்பது ஐம்பதுக்குத்தான் கிளம்பியது. அதிலிருந்து அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம். அவன் அந்த நேரம் முழுக்க இன்னும் ஏழு விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றினான். ஒவ்வொன்றுக்கும் நடுவே கடிகாரம் பார்த்தான். இப்போது மாத்திரை தெளிந்திருக்கும். இப்போது கையைப் பார்த்திருப்பாள். இல்லை, போர்வையை உதறும்போது தாள் கீழே விழுந்து, குப்பையோடு போயிருக்கும். யார் கண்டது? வேலை முடிந்து, பெட்டியைத் திறந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு உடை மாற்றுகிற அறையில் நின்றான். உட்காரத் தோன்றவில்லை. மூன்று மணி தாண்டியது. அவள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு மணி நேரம். நான்கும் தாண்டியது. அவளுக்கு அவன் போடலாம்தான். அவள் எடுத்து, ஏன் வந்து எழுப்பவில்லை என்று கேட்டுவிட்டால்?

நாலு இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"ஏங்க." மனைவியின் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் வண்டிகளின் சத்தம். "கையில ஒரு தாள் இருக்கு. குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டு, நடுவுல கிழிஞ்சு. உங்க போட்டோ ஒட்டியிருக்கு."

"ம்."

"நீங்க நிஜமாவே வந்தீங்களா?"

"தலையில வலை போட்டுட்டு நின்னேனே."

"ஐயோ, அது நிஜமா! நான் ஏதாச்சும் உளறினேனா?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்ட."

"வேற?"

"அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. ஆனால் மேலே கேட்கவில்லை. தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம்.

"அப்பா! அம்மா வந்துட்டா! உங்களுக்கு எத்தனை மணி நேரம்?"

அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம் என்று சொல்ல வாய் பழகியிருந்தது. கிலோமீட்டர் அதை நிறுத்தினான். விரலை மடக்கி, உதடு அசைய எண்ணினான்.

"இருபத்தேழு நாள், அஞ்சு மணி நேரம், பத்து நிமிஷம்."

"இருங்க இருங்க, பென்சில் எடுத்துக்கறேன். பெரியம்மா, பென்சில்! அப்பா, மறுபடி சொல்லுங்க."

மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"காத்து எதிர்ல அடிச்சா?"

இதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அடிச்சா ஒரு கால் மணி நேரம் கூடும்" என்றான்.

"அப்ப இருபத்தஞ்சு நிமிஷம்னு போட்டுக்கறேன்" என்றாள் மகள்.